தனப்பிரியாவின் வலப்பக்கம்

வாழப்பாடி
5 ஜூன் 2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கை சந்தோஷத்துக்கு, உன் மூத்தவள் தெபோராள் வாழ்த்துரைத்து வரையும் மடல்.

நான் சுகம். என் மூக்குக் கண்ணாடியும் சுகம். இவ்விரண்டும் உள்ளவரை தாலுகா அலுவலக வாசலில் என் மேசையும், அதன்மேல் பிறருக்காக நான் எழுதும் மனுக்களும் குறைவின்றி நடக்கும். உன் சுகமும் உன் கணவர் தனபாலின் சுகமும் அறிய விழைகிறேன். அவர் உன் கைப்பேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதால், நீ சத்துணவு சமைக்கும் பள்ளியின் முகவரிக்கே இதை அனுப்புகிறேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை. பேசியதை மறுக்கலாம், எழுதியதை மறுக்க இயலாது.

நீ கேட்காததை நான் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் வீட்டிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட உன் பிள்ளை, சென்ற மாதம் முதல் என் வீட்டில் வசிக்கிறாள். மகன் என்று நீ பெற்று வளர்த்தவள் இன்று திருநங்கை. அரசாங்க அடையாள அட்டையின்படி அவள் பெயர் தனப்பிரியா. ஆத்தூர் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை. உழைத்து உண்கிறாள், என்னையும் அவ்வப்போது பரோட்டா உண்ண வைக்கிறாள்.

சென்ற ஞாயிறு அவளை நம் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றேன். பெண்கள் பக்கத்துப் பாயில் முக்காடிட்டு என்னருகே அமர்ந்தாள். பெண்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் குஞ்சம்மாள் அக்காவை நீ மறந்திருக்க மாட்டாய். அவர் ஊருக்கே கேட்கும்படி என் காதில் கிசுகிசுத்தார்.

“ஏன் தெபோராளு, ஆம்பளைங்க பக்கம் எடமில்லையாக்கும்?”

“எங்கீங்கக்கா இருக்குது? உங்கூட்டுக்காரரு காலை நீட்டித் தூங்கறாரே” என்றேன்.

முதல் ஞாயிறாதலால் திருவிருந்து இருந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஆண்கள் முதலில், பெண்கள் பின்னர். பீடத்தின் முன்னுள்ள கிராதியருகே வரிசையாக முழந்தாளிடுவோம். ஆயர் திராட்சரசம் நிறைந்த ஒரே பாத்திரத்தை இடமிருந்து வலமாக உதடு உதடாகக் கொண்டு செல்வார். கொரோனாக் காலத்தில் வந்த சின்னஞ்சிறு குவளைகளை ஒழித்து, ஒரே பாத்திரத்தைத் திரும்பக் கொண்டு வந்தவர் நம் செயலர் ராசப்பன். “அதுதானுங்க நம்ம சாட்சி” என்று அன்று அவர் முழங்கினார்.

எனக்கு வலப்பக்கம் தனப்பிரியா. நான் பருகினேன். அவள் பருகினாள். அவளுக்கு வலப்பக்கம் இருந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து தத்தம் பாய்க்குத் திரும்பினார்கள். ஆயர் சாலமோன் ராசு பாத்திரத்தை ஏந்தியவாறு வெற்றுக் கிராதியின் முன் நின்றார்.

அவளுக்கு இடப்பக்கம் நான் முழந்தாளிட்டது பிழையான ஏற்பாடு. அடுத்த மாதம் வலப்பக்கம் முழந்தாளிடுவேன்.

பதிலை எதிர்நோக்கும்,
தெபோராள்

*

மேட்டூர்
1 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தேவ கிருபையால் நாங்கள் இருவரும் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதம் கிடைத்தது. தலைமையாசிரியர் அதைக் கையில் கொடுக்கும்போது, “இந்தக் காலத்துல யாருங்க லெட்டர் போடறது?” என்று சிரித்தார்.

இங்கே அணையில் தண்ணீர் இல்லை. பண்ணவாடிப் பக்கம் முழுகிக் கிடந்த பழைய கோயில் கோபுரம் வெளியே தெரிகிறது. ஜனங்கள் பார்க்கப் போகிறார்கள். நாங்கள் போகவில்லை. பள்ளியில் பிள்ளைகள் அதிகம் சேர்ந்திருப்பதால் எனக்கு வேலை சரியாக இருக்கிறது.

மழை ஆரம்பித்தால் உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சில் சளி கட்டும். அதற்குத் தைலம் போதாது. கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்து தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டும். முதல் வாயைத் துப்பிவிடும். விடாமல் கொடுக்க வேண்டும். பொதுவாகச் சொல்கிறேன்.

சபையோடு மோத வேண்டாம் அக்கா. இவர் இங்கே சபைக் கமிட்டியில் இருக்கிறார். நாலு பேர் வந்து கேட்கிறார்கள். கடைசிப் பாயில் உட்கார்ந்து எழுந்து வந்துவிட்டால் என்ன? திருவிருந்து நாளில் மட்டும் போகாமல் இருந்தால் என்ன?

உங்கள் வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
சந்தோஷம்

*

வாழப்பாடி
16 ஜூலை 2024

அருமைத் தங்கைக்கு, அக்காள் தெபோராள் நலம் பகர்ந்து எழுதுவது.

‘எல்லாரையும்’ விசாரித்திருந்தாய். என் வீட்டில் எல்லாரும் என்பது என்னையும் உன் மகளையும் சேர்த்து இருவர். பொதுவாக நீ சொன்ன மருந்தை நான் குறிப்பாக அவளுக்கே கொடுத்தேன். முதல் வாயைத் துப்பினாள். கற்பூரவள்ளிச் செடி ஒன்றைத் தொட்டியில் நட்டிருக்கிறேன்.

உன் இரண்டு ‘என்ன’க்களுக்கும் பதில் இது. கடைசிப் பாயில் உட்கார அவள் செய்த குற்றம் என்ன? குற்றம் செய்த எத்தனையோ பேர் முதல் பாயில் அமர்ந்து ‘ஆமென்’ சொல்வதை நான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

ஜூலைத் திருவிருந்தில் அவளுக்கு வலப்பக்கம் நான் முழந்தாளிட்டு, அவளுக்குப்பின் பருகினேன். எனக்கு வலப்பக்கம் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். தீட்டு ஓர் ஆள் தள்ளி வந்துவிட்டது, அவ்வளவே. ஆகவே சபைக் கமிட்டிக்கு மனு எழுதினேன். பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஊருக்கெல்லாம் எழுதும் கை, நம் வீட்டுப் பிள்ளைக்காக எழுதாதா?

கமிட்டி கூடியது. ராசப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வர வேண்டாம்னு நாங்க சொல்லலீங்க. ஒரு ஒழுங்குக்காகச் சொல்றோம்.”

“என்ன ஒழுங்குங்க?”

“ஜனங்க சங்கடப்படறாங்க இல்லீங்களா.”

“கொரோனாவுல குடுத்த சின்ன டம்ளரையே மறுபடி குடுத்துட்டாப் போச்சு” என்றார் பெண்கள் சங்கத்தின் சார்பில் வந்திருந்த குஞ்சம்மாள் அக்கா.

“அதை எடுத்ததே நான்தானுங்களே! இப்ப நானே வெச்சா ஊரு சிரிக்காதுங்களா?” என்றார் ராசப்பன். பிறகு அவருக்கே ஒரு வழி தோன்றியது. “அந்தப் புள்ள கடைசியா எடுக்கட்டும். ஆம்பளைங்க, பொம்பளைங்க எல்லாரும் முடிச்ச பொறகு. அது வாய் வெச்சதுல வேற யாரும் வெக்க வேண்டியதில்ல. யாருக்கும் வம்பில்ல.”

தலைமை வகித்த ஆயர், “கடைசின்னா எல்லாருக்கும் கடைசிதானுங்களே?” என்று கேட்டார்.

“ஆமாங்கய்யா. அதுக்கப்பறம் ஒருத்தரும் இல்ல.”

“தீர்மானத்துல அப்படியே எழுதிருங்க” என்றார் ஆயர். வாசித்துப் பார்த்துக் கையொப்பமிட்டார். அவர்மேல் எனக்குச் சினம் மூண்டது. இளைஞர், படித்தவர், இவ்வளவுக்குத்தானா என்று எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து கொந்தளித்தேன். தனப்பிரியா சிரிக்கிறாள்.

“கடைசி பஸ்ஸா இருந்தா என்ன பெரீம்மா? அதுவும் நம்ம ஊருக்குத்தானே போவுது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்றும் உன் நலம் நாடும்,
தெபோராள்

*

வாழப்பாடி
7 ஆகஸ்ட் 2024

சகோதரி சந்தோஷத்துக்கு வாழ்த்து. முந்தைய மடலுக்குப் பதிலில்லை. அணை நிரம்பி வழிவதாகச் செய்தித்தாளில் படித்தேன். நீங்கள் பத்திரமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பதிலில்லாவிடினும் இதை நீ அறிந்தே ஆக வேண்டும்.

ஞாயிறன்று ஆண்கள் முடித்தனர். பெண்கள் முடித்தனர். தீர்மானப்படி அவளுக்குப்பின் எவரும் கூடாதாகையால் நானும் முன்னரே பருகித் திரும்பினேன். அந்த நீண்ட கிராதியருகே உன் மகள் ஒருத்தி மட்டும் போய் முழந்தாளிட்டாள். சபை முழுவதும் அவள் முதுகைப் பார்த்தது. ஆயர் அப்பம் கொடுத்தார். பாத்திரத்தைக் கொடுத்தார். அவள் எழுந்து வந்தாள். ராசப்பன் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

எல்லாரும் அறிந்த ஒரு விதியை எல்லாரும் மறந்திருந்தோம். ஆசீர்வதித்த திராட்சரசத்தில் மீந்ததைக் கொட்டக் கூடாது, எடுத்தும் வைக்கக் கூடாது. ஆராதனை நடத்தும் ஆயரே அதைப் பருகி முடிக்க வேண்டும். வழக்கமாக அவர் பீடத்தின் பக்கம் திரும்பி அதைச் செய்வார், எவரும் கவனிப்பதில்லை. அன்று அவர் சபையின் பக்கம் திரும்பி நின்றார். பாத்திரத்தை உயர்த்தினார்.

“ஐயா… ஐயா, அது…” என்று ராசப்பன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

“மிச்சத்தை என்னங்க பண்றது, செயலர்?”

“கீழ…” என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஞாயிறு பள்ளியில் அந்த விதியைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவரே அவர்தான்.

ஆயர், உன் மகளின் உதடு பட்ட பாத்திரத்தை அடிவரை பருகினார். தண்ணீர் ஊற்றி அலசினார். அந்தத் தண்ணீரையும் பருகினார். பிறகு துணியால் துடைத்து வைத்து, “சமாதானத்தோடே போங்கள்” என்றார்.

வெளியே புங்கமரத்தடியில் பெண்கள் கூடிவிட்டோம். குஞ்சம்மாள் அக்கா விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

“இருங்கடி. அவ வாய் வெச்சதுல ஐயரு வாய் வெச்சுட்டாரு. அடுத்த மாசம் ஐயருதானே மொதல்ல குடிப்பாரு? அவரு வெச்சதுலதானே நாம வெக்கறோம்? அப்ப எங்க போய் நின்னாலும் அவ பின்னாடிதான் நிக்கறமா?”

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவளைத் தொடர்ந்து நாலைந்து பேர். குஞ்சம்மாள் அக்கா சிரிக்கவில்லை.

ஆயரைப் பற்றி நான் தவறாக எண்ணியிருந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அவரை மாற்றக் கோரி மேலிடத்துக்கு மனு அனுப்ப இப்போது சிலர் துடிக்கிறார்கள். அந்த மனுவை எழுதித் தரும்படி என்னிடமே வந்தார்கள், சந்தோஷம்! மறுத்தேன். வேறு ஆளைப் பிடித்து எழுதலாமே என்றால், “நம்ம விசயம் வெளிய போயிருமுங்களே” என்கிறார்கள். ஆகவே மனு இன்னும் எழுதப்படவில்லை.

இதையாவது வாசித்தாய் என்று ஒரு வரி எழுது.

தெபோராள்

*

வாழப்பாடி
5 செப்டம்பர் 2024

சந்தோஷத்துக்கு, தெபோராள். இங்கு நலம் என்று எழுத இம்முறை எனக்கு இயலவில்லை.

இம்மாத முதல் ஞாயிறு, ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பாயில் உன் கணவரைக் கண்டேன். உன்னிடம் சொல்லிவிட்டு வந்தாரோ, நான் அறியேன். யாரிடமும் பேசவில்லை. ஆண்கள் திருவிருந்துக்கு எழுந்தபோது அவர் எழவில்லை. பெண்கள் வரிசை முடியும் தறுவாயில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார். தம் பிள்ளை தனியே முழந்தாளிடும் காட்சிக்கு அவர் காத்திருக்கவில்லை.

அவர் பார்க்காமல் போனார். அவள் அவரைப் பார்த்துவிட்டாள். பாயை விட்டு அவள் எழவே இல்லை. நான் முழங்கையால் இடித்தேன். தலையசைத்து மறுத்துவிட்டாள். ஆயர் பாத்திரத்தோடு சற்று நின்று பார்த்துவிட்டு, மீந்ததைத் தாமே பருகி ஆராதனையை முடித்தார். வீட்டுக்கு வந்தபின் சொன்னாள்.

“கடைசியில நிக்கறது எனக்குப் பழக்கம் பெரீம்மா. ஆஸ்பத்திரி, பஸ்ஸு, ரேஷன் கடை, எல்லா எடத்துலயும் நின்னாச்சு. அப்பா பாக்க நிக்கறதுதான் பழக்கமில்ல. இனிமே நான் கோயிலுக்கு வரலை. நீங்க போய்ட்டு வாங்க.”

வாதாடினேன். உனக்குத் தெரியும், என் வாதத்துக்கு வருவாய் ஆய்வாளரே பின்வாங்குவார். அவள் பின்வாங்கவில்லை. துணி துவைக்கப் போய்விட்டாள்.

இரண்டு குடும்பங்கள் சேலத்தில் வேறு சபைக்குப் போகத் தொடங்கிவிட்டன. அதுபற்றி எனக்குக் கவலையில்லை. போகிறவர்களுக்குப் பேருந்து வசதி உண்டு. இவள் போனால் இவளுக்கு வேறு சபை எங்கே இருக்கிறது? அங்கும் ஒரு கிராதி இருக்கும், ஒரு ராசப்பன் இருப்பார்.

உன் மௌனத்தைப் பொறுமை என்றே இதுவரை எண்ணி வந்தேன். இனி அப்படி எண்ண எனக்கு விருப்பமில்லை. நீ என்ன செய்யப்போகிறாய்?

தெபோராள்

*

மேட்டூர்
28 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

அன்று இவர் சேலத்தில் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து சாப்பிடவில்லை. நான் கேட்கவில்லை.

பள்ளிக்குக் காலாண்டு விடுமுறை. கடிதம் வேறு யார் கைக்காவது போய்விடும். இனி இங்கே எழுத வேண்டாம்.

கற்பூரவள்ளிச் செடி பிழைத்ததா?

சந்தோஷம்

*

வாழப்பாடி
9 அக்டோபர் 2024

தங்கை சந்தோஷத்துக்கு.

எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். விடுமுறை முடிந்தது, எழுதுகிறேன். செடி பிழைத்தது.

இம்மாதம் ஆயர் வேறு கிராமச் சபைக்குச் சென்றதால் இங்கே திருவிருந்து நடக்கவில்லை. நவம்பரில் உண்டு. அவள் வருவதாக இல்லை.

இந்த உறையில் இன்னொரு தாளும் உள்ளது. அவள் எழுதியது. என்னிடம் வாசித்துக் காட்டவில்லை, நானும் பிரிக்கவில்லை.

தெபோராள்

*

வாழப்பாடி
அதே நாள்

அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன். பெரியம்மா என்னைப் பற்றி எழுதுவதெல்லாம் நீதிமன்றத் தீர்ப்பு போல இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

பங்க்கில் நீலச் சட்டையும் தொப்பியும் கொடுத்திருக்கிறார்கள். லாரிக்காரர்கள் முதலில் கேலி பேசினார்கள். இப்போது, “தனா, டேங்க் ஃபுல் பண்ணு” என்பதோடு சரி. போர்வெல் ரிக் ஓட்டும் காளியண்ணன் என்று ஒருவர், அவர் தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். மேலே ‘செல்வி தனப்பிரியா’ என்று எழுதியிருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். கல்யாணத்தில் முதல் பந்தியிலேயே உட்கார வைத்தார்கள். சாப்பாடு சுமார்தான்.

அப்பாவைப் பார்த்தேன். இளைத்திருக்கிறார். பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நவம்பர் பதினேழு என் பிறந்தநாள். இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையே வருகிறது. நான் வீட்டை விட்டு வந்த பிறகும் இரண்டு வருடமாக நீங்கள் சபையில் எனக்காகப் பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தீர்களாம், பழைய பெயரில். நம் பக்கத்து வீட்டுக் கனிஷ்கா போனில் சொன்னாள். அந்தப் பெயரைப் படித்து, ஜெபிக்க முன்னால் வரச் சொன்னார்களாம். யாரும் எழுந்திருக்கவில்லையாம். “வெளியூர்ல இருக்கறான்” என்று நீங்கள் சொன்னீர்களாம்.

இந்த வருடம் வைக்காதீர்கள் அம்மா. இல்லாத ஆளுக்காக நன்றி சொல்ல வேண்டாம். இருக்கிற ஆள் இங்கே இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனப்பிரியா

*

வாழப்பாடி
6 நவம்பர் 2024

அருமைச் சகோதரிக்கு, தெபோராள் வாழ்த்துக் கூறி எழுதுவது. உன்னிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஆயினும் இம்முறை நலம் என்று எழுத முடிகிறது.

ஞாயிறன்று அவள் ஆலயத்துக்கு வரவில்லை; பங்க்குக்குப் போய்விட்டாள். ஆண்கள் பருகினர். பெண்கள் பருகினர். நான் மட்டும் எழவில்லை. அவள் இல்லாத வரிசையில் எனக்கு வேலையில்லை என்று பாயிலேயே இருந்தேன்.

ஆயர் பாத்திரத்தை ஏந்தியபடி கிராதியருகே நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பாடல் முடிந்தது. மறுபடி பாடினார்கள். அதுவும் முடிந்தது.

ராசப்பன் எழுந்து அருகே போனார். “ஐயா, எல்லாரும் எடுத்தாச்சுங்க.”

“கடைசி ஆள் இன்னும் வரலீங்களே” என்றார் ஆயர், சபைக்குக் கேட்கும்படி.

“எந்தக் கடைசி ஆளுங்க?”

“நீங்க தீர்மானம் போட்டீங்களே. கடைசியா அவங்க எடுக்கணும்னு. செப்டம்பர்ல அப்படிக் குடிச்சு முடிச்சது என் தப்புங்க. கடைசி ஆள் எடுக்காம நான் எப்படிங்க மிச்சத்தைக் குடிக்கறது? குடிக்காம எப்படி ஆராதனையை முடிக்கறது?”

“அந்தப் புள்ளதான் வரலீங்களே!”

“வரலீன்னா என்ன செய்யணும்னு நீங்க எழுதலீங்க.”

குழந்தைகள் சிணுங்கின. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆயர் கையிலிருந்த பாத்திரம் அசையவில்லை. கடைசியில் குஞ்சம்மாள் அக்காவால் பொறுக்க முடியவில்லை.

“அடேய் ராசப்பா! கறியை அடுப்புல வெச்சுட்டு வந்திருக்கறேன்டா! போயி அந்தப் புள்ளையக் கூட்டியா!”

செயலர் ராசப்பன் தம் மோட்டார் சைக்கிளில் ஆத்தூர் சாலைக்குப் பறந்தார். அங்கே நடந்ததைத் தனப்பிரியா எனக்குப் பின்னர் நடித்துக் காட்டினாள்.

“‘வந்து ஒரு வாய் குடிச்சுட்டுப் போ சாமி, ஜனமெல்லாம் பசியில கெடக்குது’ன்னாரு பெரீம்மா. நான் ஒரு வண்டிக்கு டீசல் போட்டுட்டு இருந்தேன். ‘கடைசியிலன்னா நான் வரலீங்க’ன்னேன். ‘அதான் எல்லாரும் எடுத்தாச்சே, இப்ப வேற எங்க நிக்கறது?’ன்னாரு. ‘இன்னிக்கு இல்லீங்க, இனிமே’ன்னேன். வண்டியை ஆஃப் பண்ணிட்டு யோசிச்சாரு. அதுக்குள்ள அவரு போன் மூணு தடவை அடிச்சுது. ‘செரி, இனிமே எங்க வேணா நில்லு தாயி. இப்ப ஏறு’ன்னாரு. டீசலுக்கு பில் குடுத்துட்டுத்தான் ஏறினேன்.”

இவ்வாறு, சந்தோஷம், ஆலயத்துக்குள் உன் மகள் வந்தாள். புடவையில்லை, முக்காடில்லை. நீலச் சட்டை, கையில் தொப்பி, மேலெல்லாம் டீசல் வாடை. நேரே கிராதிக்குப் போய் முழந்தாளிட்டாள். நான் பாயிலிருந்து எழுந்து சென்று, அவளுக்கு வலப்பக்கம் முழந்தாளிட்டேன். அவள் பருகியபின் நான் பருகினேன். ஆதலால் அன்றும் அவள் கடைசி ஆள் அல்லள். தீர்மானம் அங்கேயே, அதை எழுதியவர் கண்முன், காலமானது. மறுநாள் கமிட்டி அதை முறைப்படி நீக்கியது.

ஆயினும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலப்பக்கம் எவரும் இல்லை. நீளமான கிராதி அது. தீர்மானம் நீங்கிவிட்டது, தயக்கம் நீங்கவில்லை. டிசம்பர் முதல் தேதி அவள் மற்றப் பெண்களோடு வரிசையின் நடுவே முழந்தாளிடுவாள். அவளுக்குப் பக்கத்தில் யார் முழந்தாளிடுவார்கள், யார் எழுந்து போவார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இருப்பேன். ஒருத்தி போதாது என்பதையும் அறிவேன்.

உன் மூத்தவள்,
தெபோராள்

*

மேட்டூர்
19 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உண்மையிலேயே நலம். இதைப் பள்ளியின் சமையலறையில், மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு எழுதுகிறேன்.

பதில் போடாத மாதங்களில் நான் சும்மா இருந்ததாக நினைக்க வேண்டாம். அவள் பெயரை எழுதிப் பழகினேன். பிள்ளைகள் கிழித்துப் போட்ட தாள்களில் எழுதி அடுப்பில் போட்டுவிடுவேன். போன மாதம் ஒன்றை அடுப்பில் போடவில்லை.

ஞாயிறன்று காணிக்கை வைத்தேன். வைக்க வேண்டாம் என்று அவள் எழுதியிருந்தாள். பெற்றவள் நான், பிறந்தநாளுக்கு நன்றி சொல்வது என் உரிமை. ஆனால் அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதனால் உறையின்மேல் ‘தனபால், சந்தோஷம் தம்பதியரின் மகள் தனப்பிரியா’ என்று எழுதினேன்.

எங்கள் செயலர் ஒவ்வோர் உறையாகப் படித்துக்கொண்டே வந்தார். என்னுடையது வந்ததும் நின்றுவிட்டார். ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்தது.

“மகளுங்களா? சந்தோஷக்கா, எழுதறப்ப மாறிப்போச்சுங்களா?”

“மாறலீங்க. படிங்க” என்றேன்.

அவர் ஆண்கள் பக்கம் இவரைப் பார்த்தார்.

“அவரை எதுக்குப் பாக்கறீங்க? கவர் நான் குடுத்தது.”

படித்தார். பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் முன்னால் வரலாம் என்று ஆயர் சொன்னார். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் போனார்கள், ஒரு பெரியவர் போனார். நானும் போனேன். எங்கள் ஆயர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்து, தனப்பிரியா என்றே சொல்லி ஜெபித்தார். பின்னால் பேச்சு எழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இவர் எழுந்து வெளியே போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. என்னோடு முன்னால் வரவும் இல்லை. வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். சோற்றைப் போட்டு வைத்தேன்.

“எம்பேர்ல பாதியை எடுத்து வெச்சிருக்கறா” என்றார்.

“ஆமாங்க.”

“யாரைக் கேட்டு எடுத்தா?”

“உங்களைக் கேட்டா குடுத்திருப்பீங்களா?”

சாப்பிட்டார். ரசம் போதவில்லை என்று இன்னொரு கரண்டி கேட்டார். உங்கள் எண்ணின் தடையை நானே எடுத்துவிட்டேன். எடுத்ததை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

இந்த மாதக் கடைசி சனிக்கிழமை, பள்ளி வேலை முடிந்ததும் பேருந்து ஏறுகிறேன். இவர் வருவாரா என்று கேட்கவில்லை. கேட்டால் நான் போகலாமா என்று கேட்டதுபோல ஆகிவிடும். வருவதானால் அவருக்கும் பேருந்து உண்டு.

அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்கக்கூட இல்லை, சொல்கிறேன். முதல் தேதி அவள் வரிசையில் எங்கே முழந்தாளிட்டாலும் அவளுக்கு வலப்பக்கம் எனக்கு வேண்டும். நீங்கள் தள்ளி இருங்கள்.

இப்படிக்கு,
தனப்பிரியாவின் அம்மா,
சந்தோஷம்